இளங்கலை அரங்க ஆய்வேடு: கூத்துக் களத்துக்கும் ஆலை வாசலுக்கும் இடையே

பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் மாணவர், அரங்கைப் பற்றித் தானே ஒரு கேள்வியை எழுப்பி, தானே தேடி, தானே எழுதி ஓர் ஆய்வேடு தரவேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? எதிர்பார்க்கலாம் என்றால் அந்த ஆய்வேட்டின் பொருள் எதுவாக இருக்கவேண்டும்? அச்சேறிய நாடக நூலா, ஊர்த்திடலில் விடிய விடிய நடக்கும் ஆட்டமா, மாணவரே தயாரித்து மேடையேற்றும் நாடகமா? இந்தக் கேள்விகளுக்கு ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேலாகவும், தமிழ்ச் சூழலில் சற்றுக் குறைந்த காலமாகவும் வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் அரங்கு என்றால் என்ன என்பது பற்றிய ஒரு முடிவு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, யாருக்கு அறிவு உண்டு என்பது பற்றிய ஒரு முடிவும் இருக்கிறது.

அந்த விடைகளை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இப்பகுதி தொண்டை மண்டலத்தின் கூத்து நிலம். திரௌபதி அம்மன் கோயில் பாரதமும் கட்டைக்கூத்தும் பிழைத்திருக்கும் காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அதே சமயம் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இங்கே நிலம், நேரம், தூக்கம் எல்லாமே வேறு கணக்குக்கு மாறிவிட்டன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தில் இன்று நிற்பவை கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள். இந்தச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவர் அரங்க ஆய்வேடு எழுத முனைந்தால், மேற்சொன்ன விடைகளில் எது கைகொடுக்கும், எது கைவிடும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வியின் வரலாறு

மாணவரும் ஆய்வாளரே என்ற எண்ணத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம், 1810இல் பெர்லினில் ஹும்போல்ட்டின் திட்டப்படி எழுந்த பல்கலைக்கழகம். கற்பித்தலும் ஆய்வும் பிரிக்க முடியாதவை என்பது அதன் அடிப்படை. அதே பெர்லினில்தான் மாக்ஸ் ஹெர்மன் 1923இல் அரங்கியலுக்கென்று தனி ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். நாடகத்தை இலக்கியத் துறையின் ஒரு மூலையில் வைத்துப் படித்தது போதும், ஆய்வின் பொருள் நிகழ்த்துதலே, பார்வையாளரும் அதில் பங்காளி என்பது அவர் நிலைப்பாடு. யூதரான அவர் 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். அவர் பிரித்துத் தந்த துறை உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் முதல் பல்கலைக்கழக நாடகத் துறை 1947இல் பிரிஸ்டலில் வந்தது. ஹும்போல்ட்டின் எண்ணமும் ஹெர்மனின் பிரிப்பும் சேர்ந்த இடத்தில்தான் இளங்கலை அரங்க ஆய்வேடு என்ற பழக்கம் நிற்கிறது.

தமிழ்ச் சூழலில் இது இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சிறப்புப் பட்ட மாணவர்கள் இறுதியாண்டில் ஆய்வேடு தருவது நிலைத்த வழக்கம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாடகமும் அரங்கியலும் படிப்போர் இதைத் தம் படிப்பின் இயல்பான முடிவாகவே கருதுகிறார்கள். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியும் அரங்க ஆய்வுக்கு இடம் தந்தன. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. இளங்கலை மாணவருக்குக் கிடைப்பது தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம், காட்சித் தொடர்பியல் போன்ற துறைகளின் கடைசிப் பருவத்து ‘ப்ராஜெக்ட்’. அரங்கைப் பற்றி எழுத விரும்புபவர் அதற்குள்தான் இடம் தேடவேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டச் சட்டகம் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்தை முன்வைத்தது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் 12 கிரெடிட் மதிப்புள்ள ஆய்வேட்டை எழுதலாம் என்கிறது அது. இந்தச் சட்டகம் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டியது. தமிழக அரசு அக்கொள்கையை எதிர்ப்பதால் இங்கே மூன்றாண்டுப் பட்டமே பொதுவழியாக நீடிக்கிறது. அதே 2022இல்தான் எம்.ஃபில். பட்டமும் கைவிடப்பட்டது. தமிழ்த் துறைகளில் நாடகம் பற்றிய சிறு ஆய்வுகளில் பெரும்பங்கு எம்.ஃபில். ஏடுகளாகவே வந்தவை. ஓராண்டு, ஒரு நாடகக் குழு, நூறு நூற்றைம்பது பக்கம் என்ற அளவில் ஒருவர் ஆய்வு பழகுவதற்கு இருந்த இடம் போய்விட்டது. அந்த இடத்தை இளங்கலை ஆய்வேடு நிரப்புமா என்பது இன்று வெறும் கல்வியியல் வினா இல்லை. சிறு அளவிலான அரங்க ஆய்வு தமிழில் தொடருமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

நூலும் ஆவணமும்

முதல் நிலைப்பாடு பழையது, எளிதில் தள்ளிவிட முடியாதது. நாடகம் என்பது நூல். அதை வாசித்து, அதன் இலக்கணத்தையும் வரலாற்றையும் எழுதுவதே ஆய்வு. பரிதிமாற் கலைஞரின் ‘நாடகவியல்’ (1897), விபுலாநந்தரின் ‘மதங்க சூளாமணி’ (1926) ஆகியவை இந்த வழியின் முன்னோடிகள். தமிழுக்கு நாடக இலக்கணம் உண்டு என்று நிறுவவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. பின்னர் கார்த்திகேசு சிவத்தம்பி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வை 1970இல் முடித்தார். இலக்கியச் சான்றைச் சமூக வரலாறாக வாசிக்க முடியும் என்பதை அது காட்டியது.

இளங்கலை மாணவருக்கு இந்த வழியில் வெளிப்படையான வசதிகள் உண்டு. செலவு குறைவு, நூல் கையில் இருக்கிறது, நெறியாளருக்கும் பழகிய முறை. ஆனால் இதே வசதிதான் நம் கல்லூரிகளில் ஒரு வார்ப்பை உருவாக்கிவிட்டது. இன்னாரின் நாடகங்களில் சமுதாயச் சிந்தனைகள், இன்னாரின் நாடகங்களில் பெண் பாத்திரங்கள் என்று தலைப்பு அமைந்தவுடனே இயல்களும் முடிவுரையும் தாமே அமைந்துவிடுகின்றன. நாடகத்தின் பெயரை எடுத்துவிட்டு நாவலின் பெயரைப் போட்டாலும் ஏடு மாறாது. நடிகரின் உடல், குரல், ஒளி, பார்வையாளர் எதுவும் உள்ளே வராது. இத்தகைய ஏட்டை அரங்கியல் என்று அழைப்பது கடினம்.

ஆவணத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் கம்பெனி நாடகங்களும் திரைப்படங்களும் ஆற்றிய அரசியல் பங்கை ஆராய்ந்து 1981இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், நாடகம் யார் முன் நடந்தது, அரசு எதற்கு அஞ்சியது என்று கேட்டது. பம்மல் சம்பந்த முதலியார் நீதித்துறையில் இருந்தவர். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அவர் எழுதிவைத்த ‘நாடக மேடை நினைவுகள்’ இல்லாவிட்டால் அக்கால மேடையைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதியாகக் குறைந்திருக்கும். தமிழ் அரங்க அறிவின் கணிசமான பகுதி பல்கலைக்கழகத்துக்கு வெளியே உருவானது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லவேண்டும். பட்டம் பெறாதவரால் ஆய்வு செய்ய இயலாது என்ற தயக்கத்துக்கு நம் வரலாறே மறுப்பு.

களத்துக்குப் போவது

இரண்டாவது நிலைப்பாடு களத்தை மையமாக்குகிறது. வட தமிழகக் கூத்து இதற்கு உலக அளவில் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் செஞ்சியை மையமாகக் கொண்டு திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த முதல் தொகுதி 1988இலும் அடுத்தது 1991இலும் வந்தன. ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தை மகாபாரத அரங்காகவே எடுத்துக்கொண்டு எழுதிய நூல் 1990இல் வெளியானது. ஹன்னே டி புருய்ன் கட்டைக்கூத்தின் நெகிழ்வுத்தன்மையை 1999இல் நூலாக்கினார். மூவரின் அக்கறைகளும் வேறு. ஹில்ட்டபைட்டலுக்குக் கூத்து ஒரு சமயத் தொகுதியின் பகுதி. ஃபிராஸ்காவுக்கு அது ஆடலும் சடங்கும் சேர்ந்த நிகழ்த்துகலை. டி புருய்னுக்கு அது கலைஞர்கள் கூலி பேசி, சந்தர்ப்பத்துக்கு ஏற்ப நீட்டியும் குறைத்தும் நடத்தும் தொழில். தென் தமிழகத்தில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி சூசன் சைசர் 2005இல் எழுதிய நூல், நடிகையரின் மேல் சமூகம் சுமத்தும் இழிவையே ஆய்வுப் பொருளாக்கியது.

கலைஞரின் தொழில் அறிவை ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தது இந்த வழியின் பெரிய பங்களிப்பு. டி புருய்ன் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலுடன் சேர்ந்து பணியாற்றினார். கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் உருவானது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த குருகுலத்தில் பெண் குழந்தைகளும் கூத்துப் பயின்றார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் இது சிறிய மாற்றமன்று. ஆய்வு ஏட்டோடு நிற்காமல் கலையின் போக்கையே பாதிக்கலாம் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூருக்கு மிக அருகில் உள்ள சான்று இது.

இதன் பலவீனமும் வெளிப்படையானது: காலம். மேற்சொன்ன ஆய்வுகள் ஒவ்வொன்றும் ஆண்டுக் கணக்கில் நடந்தவை. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் களப்பணி என்று கொண்டால் 12 கிரெடிட் என்பது 360 மணி. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிகாலை முடியும் ஒரே கூத்தை முழுமையாகப் பதிவு செய்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரப் பதிவு கிடைக்கும். பாட்டும் வசனமும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் இட்டுக்கட்டுப் பேச்சுமாக அதை எழுத்தில் பெயர்க்கவே அந்த 360 மணியில் பெரும்பகுதி போய்விடும். பங்குனியிலிருந்து ஆடி வரையிலான பாரதப் பருவம் பல்கலைக்கழகத் தேர்வுகளோடு மோதுவதும் உண்டு. எனவே கூத்து என்ற கலையைப் பற்றி இளங்கலை ஏடு எழுதுவது இயலாத காரியம். ஒரு கூத்தைப் பற்றி எழுதலாம்.

இந்த வரம்பை நான் குறையாக எண்ணவில்லை. பெரிய நூல்கள் விட்டுவைத்த கேள்விகள் பல ஒரே இரவின் அளவுக்குள் அடங்குபவை. தொழில் தடத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் இரவு ஷிப்ட் நடக்கும் நேரமும் கூத்து நடக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் கர்ண மோட்சம் ஆடும் இரவில் களத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குபவர்கள் நேரே களத்துக்கு வருகிறார்களா? நள்ளிரவுக்கு மேல் கூட்டம் கரைந்தால் குழுவை நடத்தும் வாத்தியார் எந்தக் கட்டத்தைச் சுருக்குகிறார்? அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி போன்ற சடங்கோடு பிணைந்த நிகழ்வுகளைச் சுருக்க முடியாது. பகடை துகிலைச் சுருக்கலாமா? கட்டியங்காரனின் நகைச்சுவையில் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறதா, வந்தால் எந்தப் பக்கமிருந்து வருகிறது? நிலம் கொடுத்த ஊரில் விழாச் செலவுக்கு வரி வசூலிப்பது எப்படி மாறியிருக்கிறது? நோட்டும் கைபேசியும் பொறுமையும் உள்ள இருபது வயதுக்காரர் ஒரு பருவத்தில் இவற்றில் ஒன்றுக்கு நம்பகமான விடை தரமுடியும். அந்த ஊர்க்காரராக இருந்தால், வெளிநாட்டு ஆய்வாளர் இரண்டாண்டு பழகி அடையும் இடத்தில் அவர் முதல் நாளே நிற்கிறார்.

அந்த நெருக்கம் தரும் சிக்கலும் சிறியதன்று. எந்தச் சாதியார் தெருவில் சுவாமி வரும், யார் முதல் மரியாதை பெறுவார், எந்தக் குழுவை யார் அழைப்பார் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத் தெரிந்தவை. தெரிந்தவை என்பதாலேயே எழுதப்படாமல் போகக்கூடியவை. வெளியாள் தயங்காமல் கேட்டுவிடும் கேள்வியை உள்ளூர்ப் பிள்ளை கேட்கத் தயங்கலாம்.

ஆடிப் பார்ப்பதே ஆய்வு

மூன்றாவது நிலைப்பாடு: அரங்கைப் பற்றிய அறிவு செய்கையில் இருக்கிறது, ஆகவே மேடையேற்றமே ஆய்வாகலாம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கடந்த முப்பதாண்டுகளில் இது ஏற்கப்பட்ட முறையாகிவிட்டது. ராபின் நெல்சன் 2013இல் இதற்கு ஒழுங்கான விளக்கம் தந்தார். டயானா டெய்லர் 2003இல், ஆவணத்தில் உறையும் அறிவையும் உடலில் தொடரும் அறிவையும் வேறுபடுத்தினார். அது இந்த முறைக்குக் கோட்பாட்டு வலு சேர்த்தது.

தமிழில் இதற்கு இன்னும் பழைய எடுத்துக்காட்டு இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம். சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956இல் சிங்கள மரபு அரங்குக்குப் புதிய மதிப்பைத் தந்ததைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ எல்லாம் அந்தப் பத்தாண்டில் வந்தவை. அவற்றில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆட்டம் முதலில், ஏடு பிறகு. இளங்கலைப் பருவத்தில் உடம்பில் ஏறிய தாளக்கட்டு பின்னாளில் ஆய்வுக் கேள்வியாக மாறியது.

தமிழ்நாட்டில் 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறையும், அதே ஆண்டு தொடங்கிய கூத்துப்பட்டறையும் ஒப்பான திருப்பங்கள். ந. முத்துசாமி புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தில் நவீன அரங்குக்கான இலக்கணத்தைக் கண்டார். எழுத்தாளர், ஓவியர், நடிகர், கூத்துக் கலைஞர் என்று பலர் ஓரிடத்தில் கூடிப் பழகியதில் விளைந்த அறிவு அது. எந்தத் துறையின் பாடத்திட்டத்துக்கும் அது கடன்பட்டதில்லை.

இதற்கு எதிரான வாதங்கள் இரண்டு. முதலாவது நியாயம் பற்றியது. கிராமத்துக் கலையிலிருந்து அடவையும் ஒப்பனையையும் எடுத்து நகர மேடைக்குக் கொண்டுபோவதில் கலைஞருக்குத் திரும்புவது என்ன? பீட்டர் புரூக்கின் மகாபாரதம் 1985இல் மேடையேறிய பின் ருஸ்தம் பரூச்சா எழுப்பிய கண்டனத்தின் சாரம் இதுதான். சிறிய அளவில் இது ஒவ்வொரு கல்லூரி நாடகத்துக்கும் பொருந்தும். இலங்கையில் இதே கேள்வியை உள்ளிருந்தே எழுப்பியவர் சி. ஜெயசங்கர். இரவு முழுதும் ஆடும் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் அடக்கியதை அவர் விமர்சித்தார். சீலாமுனையில் ஊர்மக்களோடு சேர்ந்து, ஊர்க் களரியிலேயே கூத்தை மீளுருவாக்கும் பணியை மேற்கொண்டார். மகாபாரதக் கதையில் பெண்ணும் சாதியும் சித்திரிக்கப்படும் விதத்தைக் கூத்தர்களோடு விவாதித்து மாற்றுவதும் அதில் அடங்கும். ஆய்வாளர் அங்கே தனித்து முடிவெடுப்பவராக இல்லை.

இரண்டாவது வாதம் நடைமுறை சார்ந்தது. மூன்று மாதப் பயிற்சியில் ஒரு மாணவர் காட்டும் கூத்தடவு எதை நிறுவும்? நாடகம் நன்றாக அமைந்தால் ஆய்வும் நன்று என்றாகுமா? தயாரிப்பில் தோற்றாலும் ஏன் தோற்றது என்று துல்லியமாக எழுதியவருக்கு மதிப்பெண் உண்டா? உண்டு என்றே நான் கருதுவேன். ஆனால் நம் வாய்மொழித் தேர்வு அறைகளில் பைண்டிங் செய்த ஏடு மேசைமேல் இல்லாவிட்டால் தேர்வாளருக்குக் கேள்வி கேட்பதே சிரமம்.

ஆலை வாசல்

நான்காவது நிலைப்பாடு அரங்கின் எல்லையையே விரிக்கிறது. ரிச்சர்ட் ஷெக்னரின் வழிவந்த நிகழ்த்துகை ஆய்வு சடங்கையும் ஊர்வலத்தையும் போராட்டத்தையும் அரங்காக வாசிக்கச் சொல்கிறது. பாதல் சர்க்காரும் அகஸ்தோ போவாலும் சென்ற வழியோ மக்களையே நடிகராக்கச் சொல்கிறது. தொழில் தடத்தில் இந்த இரண்டுக்கும் பொருள் உண்டு. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. பந்தல், முழக்கம், சீருடையோடு உட்கார்ந்திருந்தவர்களின் வரிசை, பாட்டு எல்லாவற்றையும் நிகழ்த்துகையாக வாசிக்க முடியும்.

முடியும் என்பதற்காகச் செய்துவிடலாமா? பந்தலில் உட்கார்ந்திருப்பவர் தம்மை நடிகராக எண்ணவில்லை. வேலை போனால் அவருக்குப் போவது வாழ்க்கை. அவருடைய துணிவை உருவகமாக்கி எழுதும் ஏடு, கோட்பாட்டில் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அவர் கேட்ட கோரிக்கையைத் தவறவிடக்கூடும். எல்லாமே நிகழ்த்துகை என்றால் அரங்கியல் மாணவர் கற்ற தனிக் கருவி எதற்கு என்ற கேள்வியும் எஞ்சுகிறது.

ஆலைத் தொழிலாளர் முன் நடந்த நாடகங்களின் வரலாறு இதைவிட உறுதியான தரை. டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் உருவாக்கிய ‘மெஷின்’, சைக்கிள் நிறுத்த இடமும் தேநீர் குடிக்க ஒரு கேண்டீனும் கேட்ட தொழிலாளர்களின் போராட்டத்திலிருந்து பிறந்தது. பதின்மூன்று நிமிட அளவிலான வீதி நாடகம். நடிகர்களின் உடல்களே எந்திரமாகி ஓடி, நின்றுபோகும். அந்தக் குழுவின் சப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத் அருகே ஜண்டாபூரில் தொழிலாளர்கள் முன் ‘ஹல்லா போல்’ நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். தமிழில் பிரளயனின் சென்னைக் கலைக்குழுவும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கலைப் பயணங்களும் வீதி நாடகத்தைப் பட்டிதொட்டிகளுக்குக் கொண்டுபோயின. இத்தகைய குழுக்களின் பிரதிகள், சுற்றுப்பயணக் குறிப்புகள், அன்று நடித்தவர்களின் வாய்மொழி ஆகியவை இளங்கலை அளவில் கையாளத் தக்கவை. எந்தத் தொழிலாளரின் வேலைக்கும் அவற்றால் ஆபத்தில்லை.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு போன்ற இடங்களில் மாணவர் நாடகப் பயிலரங்கு நடத்தினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் அனுமதி தருவது நிர்வாகம். நிர்வாகம் அனுமதித்த பயிலரங்கில் எதைப் பேசலாம் என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். பங்கேற்பு அரங்கின் இலக்கியம் இந்த நிலையைப் போதுமான அளவு எதிர்கொண்டதாகத் தெரியவில்லை.

‘தனித்து’ என்பதன் பொருள்

மேற்கண்ட எல்லா நிலைப்பாடுகளும் முட்டிக்கொள்ளும் இடம் ஆய்வேட்டின் முன்னால் வரும் ‘தனித்த’ என்ற அடைமொழி. அரங்கு கூட்டுக் கலை. கூத்துக் குழுவில் முகவீணைக்காரரும் மத்தளக்காரரும் பின்பாட்டுக்காரரும் இல்லாமல் துரியோதனன் களத்துக்கு வரமுடியாது. அதைப் பற்றிய ஏட்டில் ஒரே பெயர் போடுவது எப்படி?

பல்கலைக்கழகத்தின் விடை எளியது: கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிப்படி ஏடு மாணவரின் சொந்த உழைப்பு. திருட்டைத் தடுக்க இது தேவை. ஆனால் வாத்தியார் மூன்று இரவு உட்கார்ந்து விளக்கியதை நன்றியுரையில் ஒரு வரியாக அடக்கிவிட்டு, அதே விளக்கத்தை மாணவரின் கண்டுபிடிப்பாக நான்காம் இயலில் வைப்பதை இந்த உறுதிமொழி தடுக்காது. தனித்து என்பதற்குக் கேள்விக்கும் முடிவுக்கும் மாணவரே பொறுப்பு என்று பொருள் கொண்டால் இந்த முரண் ஓரளவு தீரும். யார் எதைச் சொன்னார் என்று இயல்களுக்குள்ளேயே குறித்துச் செல்லும் ஏடு, தனித்த உழைப்பின் மதிப்பை இழக்காது. கலைஞரின் அறிவு எங்கே முடிகிறது, மாணவரின் வாசிப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் அதில்தான் தெரியும்.

நெறியாளரைப் பொறுத்தும் இதே கேள்வி உண்டு. தடத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் அரங்கியல் பயின்ற ஆசிரியர் கிடைப்பது அரிது. இலக்கியம் பயின்ற கைடு தனக்குத் தெரிந்த முறைக்கு ஏட்டை இழுப்பது இயல்பே. கூத்து வாத்தியாரையோ வீதி நாடக இயக்குநரையோ இணை நெறியாளராக ஏற்க விதிகள் இடந்தந்தால் நிலைமை மாறலாம்.

பதிவு, உரிமை, ஏட்டின் போக்கிடம்

இன்றைய மாணவர் எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்கிறார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்துக்குப் பின் நிகழ்த்துகலைஞருக்கு உரிமை தருகிறது. உண்மையான கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக மட்டும் பதிவு செய்வதற்குப் பிரிவு 39 விலக்கு அளிக்கிறது. அதே பதிவை யூடியூபில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்துவது ஐயமே. சட்டத்தைவிடக் களத்தின் வழக்கம் நுட்பமானது. வாத்தியாரின் பாட்டு நோட்டு குழுவின் சொத்து. படியெடுக்கத் தந்தால் அது நம்பிக்கை. பின்னிணைப்பில் முழுமையாக அச்சிட்டுவிட்டால் அந்த நம்பிக்கை முறிகிறது. மாணவர்கள் இதைக் களத்துக்குப் போகும் முன்பே கற்றிருக்கவேண்டும். கற்பிக்கும் பாடம் நம்மிடம் பெரும்பாலும் இல்லை.

ஏடு முடிந்தபின் என்ன ஆகிறது என்பது இன்னும் குறைவாகப் பேசப்படும் பொருள். துறை அலமாரியில் ஒரு படி, மாணவர் வீட்டில் ஒரு படி. ஒரே கூத்துக் குழுவைப் பற்றிப் பல ஆண்டுகளில் பல மாணவர் எழுதியிருந்தாலும் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் கூத்தின் தோற்றம் வளர்ச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். தடத்தின் ஐம்பது ஊர்களில் ஐம்பது மாணவர்கள் ஐம்பது இரவுகளைப் பதிவு செய்து, அந்த ஏடுகள் ஓரிடத்தில் சேர்ந்தால், ஆலைகள் வந்தபின் வட தமிழகக் கூத்துக்கு நேர்ந்தது என்ன என்று எழுத இன்று இல்லாத ஆதாரம் நமக்குக் கிடைக்கும். தனி மேதைமை அதற்கு வேண்டாம். ஒழுங்கும் தொடர்ச்சியும் வேண்டும்.

எஞ்சி நிற்பவை

நான்கு நிலைப்பாடுகளில் எதையும் முழுதாகத் தள்ளவோ ஏற்கவோ போதிய காரணம் இல்லை. எனினும் இளங்கலை என்ற அளவையும் இந்த நிலப்பரப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நிகழ்வை ஒரு கேள்வியோடு அணுகும் சிறு களஆய்வே வலுவான தேர்வாகத் தோன்றுகிறது. அதில் நூலறிவும் ஆட்டப் பயிற்சியும் துணையாக வரலாம். மேடையேற்றத்தை மட்டும் ஆய்வாக ஏற்பது, மதிப்பிடும் முறை தெளிவாகும்வரை மாணவருக்கே இழப்பாக முடியலாம்.

மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே இதற்குக் காலம் ஒதுக்க இயலுமா, 75 விழுக்காடு என்பது போன்ற வாயில் யாரை வெளியே நிறுத்தும் என்பவை இன்னும் விவாதத்துக்கு உரியவை. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகள் இத்தடத்தில் உண்டு. களத்துக்கு மிக அருகில் இருப்பவர்களே அந்த வாயிலில் தடுக்கப்படலாம். பிற மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள் எந்தெந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் உடன் கொண்டுவந்திருக்கிறார்கள், அவற்றைத் தமிழில் எழுத எந்த மொழிப் பயிற்சி வேண்டும் என்ற கேள்விக்கு மேற்சொன்ன எந்த மரபிலும் ஆயத்த விடை இல்லை. கூத்தைப் பற்றி எழுதப்பட்ட ஏடு எதையும் கூத்துக் கலைஞர் ஒருவர் தேர்வாளராக அமர்ந்து மதிப்பிட்டால் மதிப்பெண் எப்படி மாறும் என்பதும் சோதித்துப் பார்க்கப்படவேண்டியது. சோதிப்பதற்கு ஒரு துறையும் ஒரு வாத்தியாரும் ஒப்புக்கொண்டால் போதும்.